அறுபத்தோராம் இலக்கக் கதிரை

புளியடி ஒழுங்கை மரண சகாய சங்கம்
கொக்குவில்
07.03.2024
எமது இல: 2024/செ/14

திரு. க. பார்த்தீபன்,
அங்கத்தவர் இல. 88,
விளக்கமறியற்சாலை, யாழ்ப்பாணம்.

அன்புடையீர்,

எமது சங்கத்தின் நாற்பத்தொரு வருட வரலாற்றில் இதுவரை எடுக்கப்படாத தீர்மானமொன்று கடந்த 03.03.2024 ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் நிறைவேறியது. சங்கத்துக்குச் சொந்தமான வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் அனைத்துக்கும், முதுகுப்புறத்தில், சிவப்பு எனாமல் மையினால், இரண்டு அங்குல உயரத்தில் இலக்கமிடப்படும். ஆதரவாகப் பதினேழு வாக்குகள், எதிராகப் பதினொன்று.

தாங்கள் வாக்கெடுப்புக்கு முன்னரே பொலிஸாரால் அழைத்துச் செல்லப்பட்டீர்கள். நானும் அம்புலன்சில் ஏற்றப்பட்டுவிட்டேன். ஆயினும் கூட்டம் கலையவில்லை என்பதையும், உப செயலாளர் செல்வி கேதீஸ்வரி வாக்கெடுப்பை முறைப்படி நடத்தினார் என்பதையும் பெருமையுடன் அறியத்தருகிறேன். சமுகமளிக்காத அங்கத்தவருக்குத் தீர்மானத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது யாப்பின் 14ஆம் விதி. அதனாலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இதை எழுதுகிறேன்.

தாங்கள் என்னைத் தாக்கிய கதிரையைப் பொலிஸார் சான்றுப்பொருளாக எடுத்துச் சென்றுவிட்டனர். அதற்கு 61 என்ற இலக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது. நீதிமன்றம் விடுவித்ததும் எழுதப்படும்.

என் உடல்நிலை பற்றித் தாங்கள் விசாரிக்கவில்லை. எனினும் பதிவுக்காகச் சொல்கிறேன். நெற்றியில் ஆறு தையல். விழுந்தபோது பின்தலை மேடையின் சீமெந்து விளிம்பில் அடிபட்டது. தலையிடி விட்டபாடில்லை. முதல் ஸ்கானில் ஒன்றும் பிடிபடவில்லை. 11ஆம் திகதி காலை பத்து மணிக்கு இன்னொன்று எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார்.

தங்கள் பிணை விண்ணப்பமும் 11ஆம் திகதி காலையிலேயே எடுக்கப்படுகிறது. மருத்துவ அறிக்கை வரும்வரை தங்களை உள்ளே வைத்திருக்க நீதவான் கட்டளையிட்டதை நான் மனதார வரவேற்கிறேன்.

இங்ஙனம்,
வே. சண்முகநாதன்
செயலாளர்
ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், சமாதான நீதவான்

*

விளக்கமறியற்சாலை
09.03.2024

செயலாளர் அவர்கட்கு,

காயப்பட்டவரோடு பேசக் கூடாது, ஆள் விட்டும் பேசக் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது என்று என் சட்டத்தரணி முதல்நாளே சொல்லிவிட்டார். ஆகவே இதைச் சண்முகநாதன் என்பவருக்கு நான் எழுதவில்லை. அவரோடு எனக்கு ஒரு கதையும் இல்லை. 14ஆம் விதிப்படி எனக்கு அறிவித்தல் அனுப்பிய செயலாளருக்கு, 15ஆம் விதிப்படி ஏழு நாளுக்குள் ஆட்சேபம் எழுதுகிறேன். அந்த இரண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது என் குற்றமில்லை.

என் தகப்பன் கதிரவேலு தை மாதம் செத்தார். செத்தவீட்டுக்குச் சங்கம் 120 கதிரை தந்தது, 118 திரும்பி வந்தது. முப்பத்தோராம் நாள் முடிந்து இரண்டு கிழமை ஆகவில்லை. பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று, என் தாய் பராசக்தி முன்வரிசையில் இருக்க, "உவையின்ரை செத்தவீட்டோடை ரெண்டு கதிரை காணாமல் போட்டுது. இனி இலக்கம் போட்டால்தான் எங்கடை சனம் திருந்தும்" என்று சொன்னவர் யார்? அம்மா தலையைக் குனிந்தா. நான் எழும்பினேன். "இரும் ஐசே, உம்மடை முறை வரேக்கை கதையும்" என்று சொன்னவர் யார்? நான் இருந்திருப்பேன். இருக்க வேண்டிய கதிரை கையில் வந்துவிட்டது.

அடித்ததை நான் மறுக்கவில்லை. பொலிஸிலும் மறுக்கவில்லை. களவு மட்டும் எங்களுடையதில்லை.

இங்கே என்னுடைய கூடத்தில் ஐம்பத்திரண்டு பேர். கதிரை ஒன்றுகூட இல்லை. இலக்கம் எங்களுக்குத்தான். வாள் வெட்டுக்கு வந்தவன் ஒருவன் நேற்றுக் கேட்டான்.

"அண்ணை என்னத்தாலை அடிச்சனீங்கள்?"

"கதிரையாலை."

"இரும்போ?"

"பிளாஸ்டிக்."

கொஞ்சநேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஆளுக்கு எலும்பு முறிஞ்சதோ? பல்லு விழுந்ததோ?"

"இல்லை."

"அப்ப மருத்துவ அறிக்கையிலை பாரதூரமான காயம் எண்டு வராது. நீங்கள் வாற தவணையோடை வெளியிலை. எனக்கு ரெண்டு எலும்பு அண்ணை, மாசி மாதம் தொடக்கம் நிக்கிறன்."

என் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை பூட்டிக் கிடக்கிறது. வெங்காயத் தோட்டக்காரர் கொண்டுவந்து விட்ட மூன்று பம்புகள் உள்ளே. உதயகலா ஒவ்வொருவருக்கும் புருஷன் எங்கே என்று புதிதாக ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் 11ஆம் திகதி வெளியே வந்தாக வேண்டும். சண்முகநாதன் என்பவர் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தால் நல்லது என்று, அவரைத் தெரிந்தால், செயலாளர் சொல்லிவிடவும்.

க. பார்த்தீபன்
அங்கத்தவர் இல. 88

*

கொக்குவில்
13.03.2024
எமது இல: 2024/செ/16

அன்புடையீர்,

தங்கள் ஆட்சேபம் கிடைத்தது, பதிவு செய்யப்பட்டது, நிராகரிக்கப்பட்டது.

நேற்று முன்தினம் நீதிமன்றத்தில் என்னைக் கண்டதும் தாங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். எனவே, அங்கே நடந்ததைத் தாங்கள் சரியாகக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஸ்கான் பத்து மணிக்கு, வழக்கு ஒன்பதரைக்கு. நாற்பது வருடம் புகையிரத சேவையில் இருந்தவனுக்கு எதை முதலில் அனுப்ப வேண்டும் என்று தெரியும். வைத்திய ஆலோசனைக்கு மாறாக என் சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தாதி, "ஐயா, ஒரு மணித்தியாலம் பொறுத்துப் போகலாமே" என்றா. நான் பொறுக்கவில்லை. என் மனைவி கமலாவதி ஓட்டோவில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தா.

பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். இருந்தது. நீதவான் எனக்கொரு கதிரை போடச் சொன்னார். அந்த இடத்தில் அது பொருத்தமாகப் படாததால் மறுத்துவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் நின்றபடி, கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல், என் காயம் எத்தகைய பாரதூரமானது என்பதை விளக்கினேன். சந்தேகநபருடைய அண்ணன் கனடாவில் இருக்கிறார், சந்தேகநபருக்கு விசா கிடைத்திருக்கிறது, தப்பிப் போகலாம் என்றும் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று நீதவான் கேட்டார். விண்ணப்பப் பிரதிகளை உறுதிப்படுத்திக் கையொப்பமிட்ட சமாதான நீதவான் நானே என்றேன். சந்தேகநபரின் நன்னடத்தைக்கும் நானே அத்தாட்சி கொடுத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தங்கள் சட்டத்தரணிக்கு அது முன்னரே ஞாபகம் இருந்தது.

பிறகு நீதவான் சொன்னது இது. பிணை கொடுப்பது விதி, மறுப்பது விலக்கு; மறுப்பதற்குக் காரணம் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை காயத்தைப் பாரதூரமற்றது என்கிறது. சந்தேகநபருக்கு முன்குற்றம் இல்லை. கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் தப்பிப் போக முடியாது. காயப்பட்டவரோ விடுதியிலிருந்து வெளியேறி, மன்றில் தோன்றி, நீண்ட நேரம் நின்று தெளிவாகப் பேசியதை மன்று அவதானித்தது.

நான் படுத்திருந்தால் தாங்கள் உள்ளே இருந்திருப்பீர்கள். எழுந்து நின்றதற்காக எனக்குத் தண்டனை. தங்களுக்குப் பிணை.

வே. சண்முகநாதன்
செயலாளர்

*

தொண்டைமானாறு
19.03.2024

செயலாளர் அவர்கட்கு,

முகவரி மாற்றத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும். வழக்கு முடியும்வரை கொக்குவில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது பிணை நிபந்தனை. அக்கா வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு தோறும் பொலிஸ் நிலையத்தில் கையொப்பம். சாட்சிகளை அணுகக் கூடாது. செயலாளரை அணுகக் கூடாது என்று கட்டளையில் எங்கும் இல்லை. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

சண்முகநாதன் என்பவருக்கு என் சட்டத்தரணி நன்றி சொல்லச் சொன்னார். அவர் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாராம். சண்முகநாதன் என்பவர் பேசத் தொடங்கிய ஐந்தாம் நிமிடமே இவர் கடதாசியை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "இப்பிடியொரு காயப்பட்ட ஆள் எனக்கு எல்லா வழக்கிலும் வேணும்" என்றார்.

பிணை கிடைத்த பிறகும் ஒருநாள் உள்ளே கிடந்தேன். இரண்டு பேர் ஆள்பிணை நிற்க வேண்டும், அவர்கள் இருக்கிற இடத்தைக் கிராம அலுவலர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். கிராம அலுவலர் அன்றைக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அத்தான் சுதாகரன் அவருடைய கந்தோர் வாசலில் மாலை வரை நின்றார்.

இனிச் சங்க விஷயம். விளக்கமறியலில் யோசிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்தக் கடைசி நாளில்தான் ஞாபகம் வந்தது. அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோகும்போது செயலாளருக்கு முழங்கால் ஏலாது, அவ்வளவு நேரம் நிற்க மாட்டார் என்று, அவருக்கொன்றும் பெரியப்பாவுக்கொன்றுமாக இரண்டு கதிரையை லான்ட்மாஸ்ரர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றியது நான். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்த எனக்குக் கதிரை ஞாபகம் இருந்திருக்குமா? அதில் இருந்தவருக்கு இருந்திருக்க வேண்டும். முந்தநாள் சுதாகரன் அத்தான் போய்ப் பார்த்தார். இரண்டும் அங்கேயே இருக்கின்றன. ஒன்றில் பிணம் எரிக்கிறவர் இருந்து வெற்றிலை போடுகிறாராம்.

இதை என் அம்மாவுக்கு எழுத்தில் அறிவிக்கவும். எந்த விதிப்படி என்பதைச் செயலாளரே தேடிக்கொள்ளட்டும்.

க. பார்த்தீபன்

*

கொக்குவில்
29.03.2024
எமது இல: 2024/செ/19

அன்புடையீர்,

சுடலையில் இரண்டு மாதம் கிடந்த கதிரைகளைச் செத்தவீடுகளுக்கு அனுப்பலாமா என்பது யாப்பில் சொல்லப்படவில்லை. செயற்குழுவில் ஒரு சாரார், கதிரைகள் போக வேண்டிய இடத்துக்குச் சற்று முந்திப் போய்விட்டன, அவ்வளவுதான் என்கின்றனர். மறுசாரார் கழுவ வேண்டும் என்கின்றனர். 21.04.2024 பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். அதுவரை அவை காணாமல் போனவையாகவே கணிக்கப்படும். தங்கள் தாயாருக்கு அறிவிப்பதும் அதன் பின்னரே.

நான் அந்தக் கதிரையில் இருந்தேனா என்பது எனக்கு ஞாபகமில்லை.

இலக்கமிடும் பணி நடைபெறுகிறது. நேற்று 34 என்ற இலக்கத்தை இரண்டு கதிரைகளில் எழுதிவிட்டேன். 35 ஒன்றிலும் இல்லை. மை ஓடியதாக இருக்கலாம். காலையில் எழும்போது தலையிடி கூட. இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழுகிறது, செருப்பு பழையது. கமலாவதி ஸ்கானுக்குப் போகச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஆக்கினை.

நான் போக மாட்டேன் என்பதைத் தாங்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 22.04.2024 தவணையில் தங்கள் பிணையை இரத்துச் செய்யுமாறு கோரவிருக்கிறேன். காயம் பாரதூரமற்றது என்ற அறிக்கைக்கு என் தலையிடியே பதில். இடையில் போய் மருந்து எடுத்து அது மாறிவிட்டால் நான் மன்றில் எதைக் காட்டுவது? ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் தங்கள் சட்டத்தரணி மறுபடியும் கடதாசியை மடிப்பார். சான்றுப்பொருளைத் தவணைக்கு முன் யாரும் தொடக் கூடாது. கதிரைக்குப் பொருந்துவது தலைக்கும் பொருந்தும்.

இம்முறை நீதவான் கதிரை போடச் சொன்னால் இருந்துகொள்வேன்.

வே. சண்முகநாதன்
செயலாளர்

*

தொண்டைமானாறு
03.04.2024

சண்முகண்ணை,

இது செயலாளருக்கு இல்லை. உங்களுக்குத்தான். சட்டத்தரணி அறிந்தால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். பரவாயில்லை.

உதயகலா நேற்றுப் போனில் சொன்னாள். நீங்கள் கூட்டுறவுச் சங்கக் கடையடியில் நின்றீர்களாம். அவளைப் பார்த்துக் "கமலா, தேத்தண்ணி வை" என்றீர்களாம். பிறகு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து மதிலைப் பிடித்துக்கொண்டு போனீர்களாம். அவள் சிரிக்கவில்லை அண்ணை. அழுதாள். அவளுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அப்பா எப்படிச் செத்தவர்? கார்த்திகையில் சைக்கிளால் விழுந்தார். தலையில் ஒரு வீக்கம், வேறொன்றும் இல்லை. அடுத்தநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார். மார்கழி முழுக்கத் தலையிடி. பிறகு சாரம் இடுப்பில் நிற்கவில்லை, கால் இழுபட்டது, என்னைத் தன்ரை தம்பியின்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டார். வயசு என்று விட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, உள்ளே இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை அமத்திப் போட்டுது, ரெண்டு கிழமை முந்தி வந்திருந்தால் ஒரு ஓட்டை போட்டு எடுத்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். இதை முப்பத்தோராம் நாள் அந்திரட்டி வீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னது நான். நீங்கள் "ஐயோ, ஐயோ" எண்டனீங்கள்.

இண்டைக்கே போங்கோ. ஓட்டோ பிடிக்காமல் அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. ஸ்கானிலை ஏதும் வந்தால் நான் திரும்ப உள்ளுக்குப் போறன். பிணையை நானே வேண்டாம் எண்டு எழுதித் தாறன். உங்களுக்கு அதுதானே வேணும்?

நான் அடிச்சது பிழை. அம்மாவைக் கதைச்சது உங்கடை பிழை. அதைப் பிறகு கதைப்பம். முதலிலை போங்கோ.

பார்த்தீபன்

*

கொக்குவில்
08.04.2024
எமது இல: 2024/செ/19

திரு. க. பார்த்தீபன்,
அங்கத்தவர் இல. 61.

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்தேன். கமலாவதியும் வாசித்தா. வாசித்துவிட்டு என் காலடியில் இருந்துவிட்டா.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. தவணைக்கு முன் என்னை ஸ்கானுக்கு அனுப்பி, ஒன்றும் இல்லை என்று அறிக்கை எடுத்து, அதை மன்றில் காட்டுவது தங்கள் எண்ணம். இறந்த தகப்பனாரையும் இதற்குள் இழுத்திருக்கிறீர்கள். சாட்சியை அணுகியது நிபந்தனை மீறல். சாட்சியை வற்புறுத்தியது இரண்டாவது நிபந்தனை மீறல். கடிதத்தை நேற்று, இல்லை, இன்று காலை பொலிஸில் ஒப்படைத்து முறைப்பாடு எழுதினேன். சார்ஜன்ட் முழுவதும் வாசித்துவிட்டு, "ஐயா, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார். அவரையும் வசப்படுத்தியிருக்கிறீர்கள்.

22ஆம் திகதி எல்லாவற்றையும் மன்றில் சொல்வேன். 22ஆம் திகதி எல்லாவற்றையும் மன்றில் சொல்வேன்.

கதிரை வேலை முடிந்தது. அறுபத்தொன்றுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அந்தக் கதிரையில் இருந்தேன். வெயில் கடுமை. நீர்தான் கொண்டுவந்து போட்டீர். இது பதிவுக்கு அல்ல.

வே. சண்முகநாதன்
செயலாளர்

*

புளியடி ஒழுங்கை மரண சகாய சங்கம்
கொக்குவில்
25.04.2024
எமது இல: 2024/செ/20

திரு. க. பார்த்தீபன்,
அங்கத்தவர் இல. 88,
விளக்கமறியற்சாலை, யாழ்ப்பாணம்.

அன்புடையீர்,

தங்கள் 19.03.2024 திகதிய கடிதம் தொடர்பானது. தங்கள் 03.04.2024 திகதிய கடிதம் பொலிஸாரிடம் இருப்பதால் அதற்குப் பதில் எழுத முடியாதுள்ளது.

செயலாளர் திரு. வே. சண்முகநாதன் 15.04.2024 அன்று ஆஸ்பத்திரியில் காலமானார். குற்றச்சாட்டு கொலை என மாற்றப்பட்டதால் இனி நீதவானால் பிணை வழங்க இயலாது என்றும், மேல் நீதிமன்றத்திலேயே கேட்க வேண்டும் என்றும் தங்கள் மனைவி திருமதி உதயகலா அறியத்தந்தார். அதற்கமையப் பதிவேட்டில் தங்கள் முகவரி திருத்தப்பட்டுள்ளது.

16.04.2024 அவசர செயற்குழுக் கூட்டத்தில், சுடலையிலிருந்து எடுத்துவரப்பட்ட இரண்டு கதிரைகளையும் கழுவி ஏற்றுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவற்றுக்கு 119, 120 என இலக்கமிடப்பட்டது. கதிரைகள் கிடைத்துவிட்டமை தங்கள் தாயார் திருமதி பராசக்திக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டது.

17.04.2024 அன்று காலஞ்சென்ற செயலாளரின் இல்லத்துக்கு 119 கதிரைகள் அனுப்பப்பட்டன. 119உம் திரும்பி வந்தன. இலக்கம் 61 நீதிமன்றப் பொறுப்பில் உள்ளது.

த. கேதீஸ்வரி
பதில் செயலாளர்